காணாமற்போன கோப்பு

கணினியில் விண்டோஸை நிறுவுகையில் பாதி வழியில், ‘தேவையான கோப்பு பழுதுற்றதோ காணாமற் போனதோ’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு தோன்றுவதுண்டு. உடனே கணினியே கெட்டதென்று கலங்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் கோப்பு தொலைவதில்லை. வரும் வழியில் சிதைகிறது.

இணையத்திலிருந்து இறக்கும்போது ஒரு பிட் மாறினாலும் கோப்பு பழுதுதான். அதைக் காட்டிக்கொடுப்பது எஸ்.எச்.ஏ.-256 என்னும் சரிபார்ப்பு எண். இறக்கிய கோப்புக்கு அவ்வெண்ணைக் கணக்கிட்டு, மைக்ரோசாப்ட் வெளியிட்டுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் மீண்டும் இறக்குங்கள். ஒத்திருந்தால், குறை பென் டிரைவிலோ கணினியின் ரேமிலோ இருக்கலாம். வேறு பென் டிரைவில் எழுதிப் பாருங்கள், ரேமையும் சோதியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஃபேட்-32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ‘இன்ஸ்டால்.விம்’ என்னும் முதன்மைக் கோப்போ அவ்வளவைக் கடப்பதுண்டு. கையால் நகலெடுப்போர் அதனைத் தவறவிடுவர். மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு எழுதினால் இத்தொல்லை இல்லை.

இத்தனைக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று: உங்கள் ஆய்வேட்டை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். அவசரத்தில் டிஸ்க்கை அழித்துவிட்டால், விண்டோஸின் கோப்பு மீண்டும் கிடைக்கும். ஈராண்டு உழைப்பு கிடைக்காதன்றோ!