ஐபிஎம் 5150 தாய்ப்பலகையின் வன்பொருள் மேம்பாடு

ஐபிஎம் 5150 என்பது ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய மேசைக் கணினி ஆகும். பின்னாளில் 'பி.சி.' என்ற பெயர் ஒரு கணினி வகையையே குறிக்கும் சொல்லாக மாற இதுவே காரணமாயிற்று. இக்கணினியின் நினைவகம், நுண்செயலி, பயாஸ், சேமிப்பகம் ஆகியவற்றை இன்றும் மேம்படுத்த முடியும். ஆனால் இன்றைய கணினிகளைப் போல இது பொருத்தப்பட்ட உறுப்புகளைத் தானே கண்டறிவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள சிறு ஆளிகள் என்ன சொல்கின்றனவோ அதையே இக்கணினி நம்புகிறது. எனவே இதில் உறுப்பைப் பொருத்துவது பாதி வேலை. அதைக் கணினிக்கு அறிவிப்பது மறுபாதி.

தாய்ப்பலகையின் அமைப்பு

இதன் நுண்செயலி இன்டெல் 8088. இது 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. தாய்ப்பலகையில் உள்ள 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணை மூன்றால் வகுத்து இந்த வேகம் பெறப்படுகிறது. விரிவாக்க அட்டைகளுக்கு ஐந்து செருகுவாய்கள் உள்ளன. நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தி, திரை அட்டை, தொடர் வாயில் என எல்லாமே தனி அட்டைகளாக வருவதால் இந்த ஐந்தும் விரைவில் நிரம்பிவிடும்.

தாய்ப்பலகையில் இரண்டு வகைகள் உண்டு. முதலில் வந்தது 16 முதல் 64 கிலோபைட் வரை நினைவகம் ஏற்பது. 1983 இல் வந்த இரண்டாம் வகை 64 முதல் 256 கிலோபைட் வரை ஏற்பது. எந்த வகை என்பது பலகையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். மேம்பாட்டைத் தொடங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். ஏனெனில் இரண்டுக்கும் தேவையான நினைவகச் சில்லுகள் வேறு.

முன்னேற்பாடுகள்

நாற்பது ஆண்டுகளைக் கடந்த பலகைக்கு உடனே மின்சாரம் கொடுப்பது ஆபத்து. இதில் உள்ள தாண்டலம் மின்தேக்கிகள் நீண்ட காலம் பயன்படாமல் கிடந்தால் குறுக்குச்சுற்றாகி வெடிக்கக்கூடும். 12 வோல்ட் இணைப்புகளில் உள்ளவை இதற்கு அதிகம் ஆளாகின்றன. மின்வழங்கியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்தடம் ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் இடையிலான மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தால் இக்குறை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அமெரிக்கச் சந்தைக்கான மின்வழங்கி 120 வோல்ட்டுக்கு உரியது. 230 வோல்ட் வழங்கப்படும் நாடுகளில் இறக்கு மின்மாற்றி இல்லாமல் அதை இணைக்கக்கூடாது. மின்வழங்கியிலிருந்து பலகைக்கு வரும் பி8, பி9 என்ற இரு இணைப்பிகளின் கறுப்பு வடங்கள் நடுவில் அடுத்தடுத்து அமைய வேண்டும். இடம் மாறினால் பலகை பழுதாகும். சில்லுகளைத் தொடும் முன் நிலைமின்சாரத்தை நீக்கும் மணிக்கட்டுப் பட்டை அணிவது நல்லது.

நினைவகச் சில்லுகள்

இரு வகைப் பலகைகளிலும் நினைவகம் நான்கு வரிசைகளாக உள்ளது. ஒரு வரிசைக்கு ஒன்பது சில்லுகள். எட்டுச் சில்லுகள் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளைத் தாங்குகின்றன. ஒன்பதாவது, பிழையறியும் சமநிலை பிட்டுக்கு உரியது. முதல் வரிசை பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. மற்ற மூன்று வரிசைகளுக்கும் செருகுதளங்கள் உள்ளன. ஒரு வரிசையைப் பகுதியளவில் நிரப்ப முடியாது. சேர்த்தால் ஒன்பதையும் சேர்க்க வேண்டும்.

முதல் வகைப் பலகை 4116 எனும் 16 கிலோபிட் சில்லுகளையும், இரண்டாம் வகை 4164 எனும் 64 கிலோபிட் சில்லுகளையும் ஏற்கும். இரண்டுக்கும் 16 கால்கள் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதாகப் பொருந்திவிடும். ஆனால் 4116 சில்லுக்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. 4164 சில்லுக்கு +5 மட்டுமே போதும். மாற்றிச் செருகினால் சில்லு எரிந்துபோகும். 200 நானோநொடி அல்லது அதனினும் விரைவான சில்லுகள் இப்பலகைக்குப் போதுமானவை. சில்லின் ஒரு முனையில் உள்ள பள்ளம், பக்கத்து வரிசைச் சில்லுகளின் பள்ளம் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும்.

பலகை நிறைந்த பின் மேலும் நினைவகம் வேண்டுமானால் விரிவாக்க அட்டை தேவை. ஏ.எஸ்.டி. நிறுவனத்தின் சிக்ஸ்பேக்பிளஸ் அட்டை இதற்குப் பெயர்பெற்றது. இதில் 384 கிலோபைட் வரை நினைவகம், மின்கலம் கொண்ட கடிகாரம், தொடர் வாயில், இணை வாயில் ஆகியவை ஒரே செருகுவாயில் அடங்கிவிடுகின்றன. பலகையின் 256 கிலோபைட்டுடன் இந்த 384 சேர்ந்தால் முழு எல்லையான 640 கிலோபைட் கிடைக்கும். பலகையின் நினைவகம் முடியும் இடத்தில் அட்டையின் நினைவகம் தொடங்குமாறு அட்டையில் உள்ள ஆளிகளையும் அமைக்க வேண்டும்.

ஆளிகளை அமைத்தல்

அமைவுகளை மின்கலத்தின் உதவியால் நினைவில் வைக்கும் முறை 1984 இல் வந்த பி.சி. ஏ.டி. கணினியில்தான் ஐபிஎம் வரிசைக்கு வந்தது. 5150 இல் அந்த வேலையை எஸ்.டபிள்யூ.1, எஸ்.டபிள்யூ.2 என்ற இரு ஆளித்தொகுதிகள் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டு ஆளிகள் உள்ளன. கணினியை அணைத்த பின்னரே இவற்றை மாற்ற வேண்டும். பென்சிலின் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஆளிகளை நகர்த்தப் பென்சில் முனையைப் பயன்படுத்தக்கூடாது.

எஸ்.டபிள்யூ.1 தொகுதியின் பணிகள்:

- ஆளி 1: நெகிழ்வட்டு இயக்கி இருந்தால் ஆஃப், இல்லையெனில் ஆன்.
- ஆளி 2: 8087 துணைச்செயலி இருந்தால் ஆஃப்; இல்லையெனில் ஆன்.
- ஆளிகள் 3, 4: பலகையில் உள்ள நினைவகம். நான்கு வரிசைகளும் நிரம்பியிருந்தால் இரண்டும் ஆஃப்.
- ஆளிகள் 5, 6: திரை அட்டை. ஒற்றை நிற அட்டைக்கு இரண்டும் ஆஃப். 80 பத்தி சி.ஜி.ஏ. வண்ண அட்டைக்கு 5 ஆன், 6 ஆஃப். சொந்த பயாஸ் கொண்ட இ.ஜி.ஏ., வி.ஜி.ஏ. அட்டைகளுக்கு இரண்டும் ஆன்.
- ஆளிகள் 7, 8: நெகிழ்வட்டு இயக்கிகளின் எண்ணிக்கை. ஒன்று என்றால் இரண்டும் ஆன். இரண்டு என்றால் 7 ஆஃப், 8 ஆன்.

எஸ்.டபிள்யூ.2 தொகுதி மொத்த நினைவக அளவைத் தெரிவிக்கிறது. இதன் 6, 7, 8 ஆம் ஆளிகள் எப்போதும் ஆஃப் நிலையில் இருக்கும். முதல் ஐந்து ஆளிகளும் சேர்ந்து ஓர் இரும எண்ணைக் குறிக்கின்றன. ஆளி 1 இன் மதிப்பு 1. அடுத்தவற்றின் மதிப்புகள் முறையே 2, 4, 8, 16. இங்கே ஆஃப் என்பதே இரும எண் 1. ஆன் என்பது 0. பலர் தடுமாறும் இடம் இதுவே.

பலகையிலும் அட்டையிலும் உள்ள மொத்த நினைவகத்திலிருந்து 64 ஐக் கழித்து 32 ஆல் வகுத்தால் வேண்டிய எண் கிடைக்கும். 256 கிலோபைட் என்றால் (256−64)÷32 = 6. இது 2, 4 ஆகிய மதிப்புகளின் கூட்டு. ஆகவே ஆளிகள் 2, 3 ஆஃப், 1, 4, 5 ஆன். 640 கிலோபைட் என்றால் (640−64)÷32 = 18. இது 16, 2 ஆகியவற்றின் கூட்டு. ஆகவே ஆளிகள் 2, 5 ஆஃப், 1, 3, 4 ஆன்.

உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக அறிவித்தால் எஞ்சிய நினைவகம் பழுதின்றி இருந்தும் பயன்படாமல் கிடக்கும். கூடுதலாக அறிவித்தால் இல்லாத நினைவகத்தைக் கணினி சோதித்து 201 என்ற பிழையைக் காட்டும். புதிய சில்லு பழுது என்று கருதிப் பலமுறை கழற்றி மாட்டும் முன் ஆளிகளை மறுபடி சரிபார்ப்பது வீண் வேலையைத் தவிர்க்கும்.

பயாஸ் பதிப்பு

இக்கணினியின் பயாஸ் மூன்று பதிப்புகளாக வந்தது. அவை 1981 ஏப்ரல் 24, 1981 அக்டோபர் 19, 1982 அக்டோபர் 27 ஆகிய தேதிகளைத் தாங்கியவை. டாஸ் இயங்குதளத்துடன் வரும் டீபக் நிரலின் மூலம் நினைவகப் பரப்பின் கடைசி 16 பைட்டுகளைப் பார்த்தால் இந்தத் தேதியைப் படிக்கலாம்.

முதல் இரு பதிப்புகள் எஸ்.டபிள்யூ.2 தொகுதியின் நான்கு ஆளிகளை மட்டுமே படித்தன. நான்கு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 15. எனவே 15×32+64 = 544 கிலோபைட்டுக்கு மேல் அவற்றால் ஏற்க இயலவில்லை. மூன்றாம் பதிப்பு ஐந்தாவது ஆளியையும் படித்ததால் 640 கிலோபைட் வரை எட்ட முடிந்தது.

மூன்றாம் பதிப்பின் பெரிய மாற்றம் வேறொன்று. அட்டைகளில் உள்ள கூடுதல் நிரல் நினைவகங்களைத் தேடி இயக்கும் திறனை அதுவே கொண்டுவந்தது. வன்தட்டுக் கட்டுப்படுத்திகளும் வி.ஜி.ஏ. போன்ற அட்டைகளும் இந்தத் திறனை நம்பியே இயங்குகின்றன. ஆகவே வன்தட்டு பொருத்தும் எண்ணம் இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது பயாஸ் சில்லுதான். இது பலகையில் யு33 என்ற இடத்தில் உள்ள 24 கால் சில்லு. பரவலாகக் கிடைக்கும் 2764 வகைச் சில்லுக்கு 28 கால்கள் என்பதால் இடைப்பொருத்தி தேவை. மோட்டோரோலா 68764 வகை நேராகவே பொருந்தும்.

நுண்செயலியும் துணைச்செயலியும்

8088 சில்லின் அருகே 8087 துணைச்செயலிக்கான வெற்றுச் செருகுதளம் உள்ளது. 8087 பதின்மப் புள்ளி எண்களைக் கணக்கிடுவதில் பன்மடங்கு வேகம் தரும். ஆனால் அதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு மட்டுமே இந்தப் பயன் கிடைக்கும். பொருத்திய பின் எஸ்.டபிள்யூ.1 இன் இரண்டாம் ஆளியை ஆஃப் நிலைக்கு மாற்ற வேண்டும்.

8088 சில்லைக் கழற்றிவிட்டு, என்.இ.சி. நிறுவனம் 1984 இல் வெளியிட்ட வி20 சில்லை அதே செருகுதளத்தில் பொருத்தலாம். இதற்கு எந்த ஆளியையும் மாற்ற வேண்டியதில்லை. பெருக்கல் போன்ற செயல்களில் இது விரைவானது. எனினும் கடிகார வேகம் மாறாததால் ஒட்டுமொத்த முன்னேற்றம் ஓரளவே. 8088 இன் வேகத்தைக் கணக்கிட்டு எழுதப்பட்ட சில விளையாட்டுகள் இதில் வேறுபட்டு இயங்கக்கூடும்.

சேமிப்பகம்

5150 இன் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. அக்கால வன்தட்டுகளுக்கு இது போதவில்லை. அதனால்தான் 1983 இல் வன்தட்டுடன் வந்த பி.சி. எக்ஸ்.டி. கணினிக்கு ஐபிஎம் 130 வாட் மின்வழங்கியை அமைத்தது. 5150 உரிமையாளர்களுக்குத் தனி மின்வழங்கி கொண்ட 5161 விரிவாக்கப் பெட்டியையும் விற்றது.

இன்று இதற்கு எளிய மாற்று உண்டு. எக்ஸ்.டி.-ஐ.டி.இ. எனப்படும் 8 பிட் அட்டையுடன் காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவட்டையை இணைத்து வன்தட்டாகப் பயன்படுத்தலாம். இதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. அந்த அட்டையின் கட்டற்ற பயாஸ் நிரலில் 8088 சில்லுக்கு ஒரு பதிப்பும், வி20 முதலிய சில்லுகளுக்கு விரைவான மற்றொரு பதிப்பும் உள்ளன. 8088 உள்ள கணினியில் இரண்டாவது பதிப்பு இயங்காது. அட்டையின் நிரல் முகவரி, திரை அட்டை முதலிய பிறவற்றின் முகவரியோடு மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயங்குதளத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். வன்தட்டை ஏற்ற முதல் பதிப்பு 1983 இல் வந்த பி.சி. டாஸ் 2.0. டாஸ் 3.3 இல் ஒரு பிரிவின் உச்ச அளவு 32 மெகாபைட். இன்றைய நினைவட்டைகளின் கொள்ளளவு இதைவிட மிகப் பெரிது என்பதால், கூடுதல் இடம் வேண்டுவோர் டாஸ் 5.0 ஐ நாடுகின்றனர்.

சோதித்தல்

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கணினியை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டே அடுத்ததற்குச் செல்வது நன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பழுது எங்கே என்று கண்டறிவது கடினம். நினைவகம் கூடக்கூடத் தொடக்கச் சோதனையும் நீளும். அதுவரை திரையில் சுட்டி மட்டுமே மினுங்கும்; இது பழுதின் அறிகுறி அன்று. சோதனை முடிந்ததும் ஒரு குறுகிய ஒலி கேட்கும்.

201 பிழை தோன்றினால் அதன் முன் வரும் நான்கு குறிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முற்பகுதி எந்த வரிசை என்பதையும், கடைசி இரண்டும் எந்தப் பிட்டு என்பதையும் காட்டும். 01, 02, 04, 08, 10, 20, 40, 80 ஆகியவை எட்டுத் தரவுச் சில்லுகளை முறையே குறிக்கும். 00 என்பது சமநிலைச் சில்லு. டாஸ் இயங்கத் தொடங்கியதும் செக்டிஸ்க் கட்டளை மொத்த நினைவகத்தைக் காட்டும். 640 கிலோபைட் முழுதும் ஏற்கப்பட்டிருந்தால் அந்த எண் 655360.

மூல நிலையைக் காத்தல்

இக்கணினிகள் இன்று வரலாற்றுச் சான்றுகளாகவும் கருதப்படுகின்றன. மேலே கூறிய மேம்பாடுகள் அனைத்தும் செருகுதளங்களிலும் செருகுவாய்களிலும் செய்யப்படுபவை; பற்றவைப்பு தேவையில்லாதவை. எனவே எந்த நேரத்திலும் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கழற்றிய மூல பயாஸ் சில்லையும் 8088 ஐயும் நிலைமின்சாரம் தாக்காத உறையில் இட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தவை என்று எழுதி வைக்க வேண்டும். தொடங்கும் முன்பிருந்த ஆளி நிலைகளின் ஒளிப்படத்தையும் அவற்றோடு சேர்த்து வைத்தால், பின்னாளில் அந்தக் கணினியைப் பெறுபவரும் அதன் மூல அமைப்பை மீட்க முடியும்.