நோயிலிருந்து மீண்டவரே துணை

கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் பள்ளிக்கு வந்தால், வகுப்பே அவனைச் சூழ்ந்துகொண்டு விசாரிக்கும். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவரிடம் அப்படி யாராவது விசாரிப்பதுண்டா? பெரும்பாலும் இல்லை. அவரும் வாய் திறப்பதில்லை. நோய் தணிந்த பிறகும் வெட்கமும் தனிமையும் அவரை விடுவதில்லை. இவற்றுக்கு மாத்திரை கிடையாது.

இதற்கு ஒரு வழி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே புலப்பட்டது. பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பகுதியை மேற்பார்த்து வந்தவர் ழான் பாப்தீஸ்த் புசேன். அவர் மருத்துவரல்லர், தோல் பதனிடும் தொழிலாளி. 1771ல் கண்டமாலை நோயுடன் அதே மருத்துவமனைக்கு வந்து, குணமடைந்து, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். நோயாளரை அடிக்கக் கூடாது என்று ஊழியர்க்குக் கட்டளையிட்டார். குணமடைந்த நோயாளரிலிருந்தே ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார். சங்கிலியின் வலியை அறிந்தவன் பிறனைச் சங்கிலியில் பூட்டத் தயங்குவான் அல்லவா? 1793ல் அங்கு வந்த மருத்துவர் பினெல் இம்முறையைக் கண்டு, பின்னர்த் தம் நூலில் பாராட்டி எழுதினார். 1797ல் புசேன் இரும்புச் சங்கிலிகளை அகற்றினார். (அடங்காதவர்க்குக் கைகளைக் கட்டும் கித்தான் சட்டை மட்டும் தொடர்ந்தது.) புகழ் என்னவோ பினெலுக்கே போய்ச் சேர்ந்தது. ஓவியங்களிலும் அவரே நிற்கிறார்!

இன்று பல நாடுகளில், மனநோயிலிருந்து மீண்டவர்கள் பயிற்சியும் சம்பளமும் பெற்றுத் துணைவர்களாகப் பணியாற்றுகின்றனர். இவர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. அது மருத்துவரின் வேலை. தாம் விழுந்ததையும் எழுந்ததையும் சொல்வார்கள். பிறர் சொல்வதைக் கேட்பார்கள். மருத்துவரிடம் மறைத்ததை நோயாளி இவரிடம் கூறிவிடுவதுண்டு.

இது உண்மையிலேயே பயன் தருமா? நல்லெண்ணம் மட்டும் அறிவியலுக்குச் சான்றாகாது. இங்கிலாந்தில் கடும் மனநெருக்கடிக்குச் சிகிச்சை பெற்று முடித்த 441 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். தூக்கம் கெடுதல் போன்ற முன்னறிகுறிகளைத் தாமே கவனித்துக் குறிக்கும் பயிற்சி நூல் ஒன்று இரு பிரிவினருக்கும் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அது தபாலில் மட்டும் போயிற்று. மற்றவருக்கோ, துணைவர் ஒருவர் பத்து முறை வரை உடனமர்ந்து அதனை நிரப்ப உதவினார். நூல் ஒன்றேயாதலால், வேறுபாடு தோன்றினால் அது துணைவரால் விளைந்ததே. ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர சிகிச்சை தேவைப்பட்டோர் நூல் மட்டும் பெற்றவருள் 38 சதவீதம். துணை பெற்றவருள் 29 சதவீதம். 2018ல் இம்முடிவு வெளியாயிற்று.

ஆனால் 2022ல் வெளியான மற்றோர் ஆய்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்க்குத் துணைவரை அனுப்பிப் பார்த்தது. அவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடும் அளவுக்குக் குறையவில்லை. துணையோடு, செய்வதற்கு ஒரு திட்டமான பயிற்சியும் சேர வேண்டுமோ? ஆய்வாளர்கள் ஆராய வேண்டிய கேள்வி இது.