போக்கிடம் இழந்த குப்பை

ஒரு காலத்தில் திருவனந்தபுரம் வலியசாலையின் உறவு காகிதத்தோடு அல்ல, பனையோலையோடு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச் சாலை இங்குள்ள மகாதேவர் கோயிலை ஒட்டி இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து. மறுப்பவர்களும் உண்டு. நடந்துபோகும் தூரத்தில், கோட்டைப் பகுதியில், 2022இல் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில் திருவிதாங்கூர்க் காலத்துக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. நூற்றாண்டுகள் தாங்கிய ஓலை அது.

பக்கத்துச் சாலைக் கடைவீதியில் காகிதத்தின் ஆயுள் சில நிமிடங்கள். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சந்தை இது. அட்டைப்பெட்டி, பில், பொட்டலத் தாள் எல்லாம் கைமாறிய கையோடு குப்பையாகின்றன. எங்கே போகும்?

தலைநகரத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2000 முதல் நகரக் குப்பை விளப்பில்சாலை ஆலைக்குப் போயிற்று. நாற்றத்தையும் கழிவுநீரையும் சகித்துப் பார்த்த கிராமம் 2011 டிசம்பரில் பூட்டுப் போட்டது. மறு ஆண்டு போலீஸ் துணையோடு போயும் பலிக்கவில்லை. கிராமத்தின் பக்கம்தான் நியாயம். ஊரார் குப்பையை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால், பழகிய கைகள் ஓடைகளைத் தேடின. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் பிணமாகத்தான் கிடைத்தார்.

பூட்டு ஒரு நன்மையும் செய்தது. சமையலறைக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் தொட்டிகள் பரவின. அங்கே காகிதத்துக்கு மறுவாழ்வு உண்டு. காய்கறிக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். சருகு, தென்னை நார்த்தூள், கிழித்த செய்தித்தாள் சேர்த்தால்தான் நாறாமல் மட்கும். காற்றுப் புகாத குப்பை மேட்டிலோ அதே தாள் மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது.

பிளாஸ்டிக்கை விட்டுக் காகிதத்துக்கு மாறினால் பாவம் தீர்ந்தது என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. பேப்பர் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. அதனால்தான் 2020 ஜனவரியில் கேரளம் விதித்த தடையில் அதுவும் சேர்ந்தது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பக் கணக்கில் ஒருமுறை பிளாஸ்டிக் பைக்கு ஈடாகக் காகிதப் பையை 3 முறை பயன்படுத்த வேண்டும். பருத்திப் பையை 131 முறை! தமிழ்நாடு 2021 டிசம்பரில் மீட்டெடுத்த மஞ்சப்பைக்கும் இது எச்சரிக்கை. கல்யாண வீடுதோறும் வாங்கிப் பரணில் அடுக்கினால் பயனில்லை.

தேவையில்லாத தாளை அச்சிடாமலே இருப்பது இன்னும் மேல். 2021 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் முதல்முறையாகக் காகிதமில்லா பட்ஜெட்டைப் பார்த்தது. அச்சிட்டே ஆக வேண்டியதற்குக் கரும்புச் சக்கைக் காகிதம் இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1980களிலிருந்து அதைத் தயாரிக்கிறது.

சராசரி இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன்; அமெரிக்கர் அதைப்போல ஏழு மடங்கு. சாலைக் கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனால், சாம்பார் பட்ட தாளைப் பழைய பேப்பர்க்காரர் எடுப்பதில்லை. காய்ந்த தாள் தராசுக்குப் போகிறது, நனைந்தது தோட்டுக்கு.