நோக்கும் நிலைகுத்தும்: தற்காப்புக் கலையில் கண்ணின் தொழில்

ஒருமுகப்பட்ட பார்வையே உயர்ந்தது என்னும் கொள்கை நம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது. துரோணர் மரக்கிளையில் செய்பறவை ஒன்றனை அமைத்து, மாணாக்கரைத் தனித்தனியே அழைத்து, அவர் காண்பன யாவை என வினவிய பாரதக் கதையை அறியாதார் இலர். தருமன் மரத்தையும் ஆசிரியரையும் உடன்பிறந்தாரையும் பறவையையும் காண்பதாகக் கூறி விலக்கப்பட்டான். அருச்சுனனோ பறவையின் தலையன்றிப் பிறிதொன்றும் காணேன் என்று பாராட்டுப் பெற்றான். வடமொழிப் பாரதத்தில் தலையாக இருந்தது மக்கள் வழக்கில் கண்ணாகச் சுருங்கியது. பார்வை குறுகுந்தோறும் அதன் பெருமை வளரும் என நம்மவர் கருதினமைக்கு இச்சுருக்கமே சான்றாகும்.

ஆயின், அப்பறவை செய்பறவை, திருப்பி அடியாதது. அதன் பின்னே கத்தியுடன் மற்றொருவன் மறைந்து நிற்கவில்லை. அம்பெய்வான் நோக்கு வேறு; தன்னைக் காத்துக்கொள்வான் நோக்கு வேறு. தாக்கப்படுவோனுக்கு உயிர் தருவது, துரோணர் ஏற்றுக்கொள்ளாத தருமனின் விடையே என்பது எம் கருத்து. அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கண் ஒரு பொருளிற் சென்று பதிந்து மீள மாட்டாது நிற்றலை நம் மொழி 'நிலைகுத்துதல்' என்னும். இரண்டாம் உலகப்போரில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறிந்த விமானிகளிற் சிலர், இலக்கின்மீதே கண்ணை ஊன்றியவராய், விமானத்தை மேலெழுப்ப வேண்டிய கணத்தைத் தவறவிட்டு, அவ்விலக்கின்மீதே வீழ்ந்து மாண்டனர். 1953இல் கிளார்க், நிக்கல்சன், கிரேபியல் என்னும் மூவர், விமானிகள்பால் நிகழும் இப்பிழையை ஆராய்ந்து, 'மயங்கி ஈர்ப்புண்ணல்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். சாலையிற் குழியைக் கண்டு அஞ்சிய மோட்டார் சைக்கிள் ஓட்டி, விலக வழியிருந்தும் அக்குழியிலேயே சென்று விழுவதும் இவ்வகையினதே.

இந்நோயை விமானம் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே சப்பானிய வாளாசிரியர் அறிந்திருந்தனர். அவருள் மியமோதோ முசாசி என்பார், 1643இல் குமமோதோவை அடுத்த ரெய்கந்தோ என்னும் குகையில் எழுதத் தொடங்கி, தாம் மறைந்த 1645இல் முடித்த நூல் 'கோரின் நோ சோ' என்பது. நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து சுருள்களாக அமைந்தது. அதன் நீர்ச் சுருளில் கண்ணின் தொழிலைக் கூறுமிடத்து அவர் இரு சொற்களை வேறுபடுத்துகின்றார். ஒன்று 'கான்', மற்றொன்று 'கென்'. முன்னது வலியதாகவும் பின்னது மெலியதாகவும் இருத்தல் வேண்டும் என்பதும், பகைவன் வாளை அறிய வேண்டுமேயன்றி அதனைப் பார்த்துக்கொண்டிருத்தலாகாது என்பதும், விழியை அசைக்காமலே இருமருங்கும் காண வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

காற்றுச் சுருளில் பிற பள்ளிகளை மறுக்கின்றார். சிலர் பகைவனது வாளிலும், சிலர் கையிலும், சிலர் முகத்திலும், சிலர் காலிலும் கண்ணை ஊன்றக் கற்பிப்பர். இவையெல்லாம் உள்ளத்தை மயக்கும் பிழை என்கின்றார். பந்தைக் காலால் உதைத்தாடுவோன் பந்தின்மேற் கண் வைப்பதில்லை எனவும், பல வாள்களை எறிந்து பிடிக்கும் வித்தைக்காரனும் ஒன்றனை உற்று நோக்குவதில்லை எனவும் காட்டுத் தருகின்றார். எளிய காட்டெனினும் கூரியது.

'கான்', 'கென்' என்பவற்றைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'கென்' என்பதற்குக் 'காட்சி' அமையும். கண்முன் உள்ளது கண்ணிற் படுதல் அது. 'கான்' என்பதற்கு 'நோக்கு' என்பதே தக்கது என்போம். 'நோக்கம்' இலக்கு எனவும் பொருள்படுதலின் இச்சொல் ஒருமுகப் பார்வையையன்றோ உணர்த்தும் எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். தொல்காப்பியச் செய்யுளியலில் 34 உறுப்புக்களுள் ஒன்றாக வைக்கப்பெற்ற நோக்கினை அவர்க்கு நினைவூட்டுதும். அது மாத்திரை முதலாக அடி ஈறாக விரிந்து செல்வது. ஒரு சொல்லில் தங்கிவிடுவதன்று. உறுப்புக்களினூடே சென்று முழுமையைப் பற்றும் அந்நோக்கே முசாசியின் 'கான்' என்பதற்கு அணித்தானது.

முசாசியின் காலத்தவரான தகுவான் சோகோ என்னும் சென் துறவி, வாளாசிரியர் யாகியூ முனெனோரிக்கு எழுதிய மடல் இதனினும் ஆழமானது. கண்ணை விடுத்து உள்ளத்தை ஆராய்கின்றார் அவர். உள்ளத்தைப் பகைவன் வாளில் வைத்தால் வாள் அதனைக் கவர்ந்துகொள்ளும். அவன் உடலில் வைத்தால் உடல் கவர்ந்துகொள்ளும். ஓரிடத்தும் நிறுத்தாவழி எங்கும் நிறையும். பதின்மர் வாளோங்கி வரினும், ஒருவனது வாளைத் தடுத்த உள்ளம் அங்கே தங்காதாயின் பதின்மரையும் எதிர்கொள்ளலாம். ஆயிரங்கைக் கண்ணோனை அவர் உவமையாக்குகின்றார்: வில் பிடித்த ஒரு கையில் உள்ளம் நின்றுவிடின், எஞ்சிய 999 கைகளும் பயனிலவாம்.

இடைப்பிறவரலாக ஒன்று. 'கண்ணோன்' என்னும் அப்பெயரின் முதலெழுத்தும் முசாசியின் 'கான்' என்னும் எழுத்தும் ஒன்றே. அகத்தியர்க்குத் தமிழுரைத்தோன் என வீரசோழியம் போற்றும் அவலோகிதனே சீனம் வழியாகச் சப்பான் சென்று கண்ணோன் ஆயினன். அவனுடைய ஆயிரங்கை வடிவில் ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒரு கண் அமைத்தல் மரபு. தகுவானின் உவமைக்கு இதனினும் பொருத்தமான தெய்வ வடிவம் கிடைத்தலரிது.

இனி, உடலியலார் கூறுவதைக் காண்போம். விழித்திரையின் நடுக்குழி ஏறத்தாழ 2 பாகை அளவே தெளிவாகக் காணும். கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் அதன் நகத்தளவே அது. இரு கண்ணும் சேர்ந்து கிடைமட்டத்தில் 180 பாகைக்குக் குறையாமல் காண்கின்றன. ஓரப் பார்வை உருவைத் தெளிவாகக் காட்டாது. ஆனால் அசைவை விரைந்துணரும். மங்கிய ஒளியிலும் தொழிற்படும். தோளின் அசைவும், பக்கத்தில் நெருங்கும் மற்றொருவன் நிழலும் ஓரப் பார்வைக்கே முதலிற் புலனாகும். 'தொலைமலை நோக்கு' எனப் பொருள்படும் பெயரால் சப்பானிய வாட்பயிற்சியாளர் இன்றும் கற்பிப்பது இதுவே; எதிரியின் முகத்தை, அப்பால் உள்ள மலையைக் காண்பதுபோலக் காணுதல்.

அச்சம் இதனைக் கெடுக்கும். உள்ளக் கிளர்ச்சி மிகுந்தவழி, கருத்திற் கொள்ளப்படும் குறிகளின் எல்லை சுருங்கும் என 1959இல் ஈசுட்டர்புரூக்கு எழுதினார். 1987இல் லாஃப்டசு முதலியோர் படக்காட்சிகளைக் காட்டிச் சோதித்தபோது, ஒருவன் கையில் காசோலை இருந்ததனினும் துப்பாக்கி இருந்தவழிப் பார்ப்போர் கண் அக்கையிலேயே மிகுதியும் தங்கியது. அவனது அடையாளத்தை நினைவு கூர்தலும் குறைந்தது. சான்றுரைப்போன் துப்பாக்கியைத் தெளிவாகக் கண்டான், பிடித்தவனைக் கண்டிலன். குற்றமற்ற ஒருவன் சிறை புகுவதற்கு இவ்விடைவெளி போதும்.

பார்வையை அகலப்படுத்துக எனக் கூறி அமையும் ஆசிரியர் பலர். அது பாதி மருந்தே என்பது எம் துணிபு. சைமன்சும் சாபிரிசும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பந்து கைமாறும் எண்ணிக்கையை எண்ணப் பணிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதியளவினர், ஆட்டக்காரரிடையே மனிதக்குரங்கு உடையணிந்து நடந்து சென்றவரைக் காணவில்லை. கண் வேறிடத்து நின்றமையால் நேர்ந்ததன்று இது. 2006இல் மெம்மெர்ட்டு கண்ணசைவைப் பதிந்து ஆராய்ந்தபோது, குரங்கைக் கண்டோரைப்போலவே காணாதோர் கண்ணும் அக்குரங்கின்மேற் சென்று தங்கியதை அறிந்தார். கண் சென்றது, உள்ளம் செல்லவில்லை. இவ்விடத்துத் தகுவானே வெல்கின்றார். தங்கிவிடுவது உள்ளமே, கண் அதன் ஏவலாள்.

மற்றொன்றும் மறக்கற்பாலதன்று. ஓரப் பார்வை அசைவை உணர்த்துமேயன்றி, கையில் இருப்பது கத்தியோ கைபேசியோ எனப் பிரித்தறியாது. எனவே நடுக்குழி ஒருகணம் அக்கையைத் தொட்டு மீளத்தான் வேண்டும். முசாசி 'கென்' வேண்டா என்றாரல்லர். மெலிதாதல் வேண்டும் என்றார். தொட்டு மீளாமையே நிலைகுத்து.

காவலர் பயிற்சியில், சுட்டு முடித்தவுடன் தலையை இருபுறமும் திருப்பிப் பார்க்கும் முறை கற்பிக்கப்படுவதுண்டு. நாளடைவில் அது கழுத்தின் பழக்கமாய், கண்ணறியாத சடங்காய்ப் போதல் எளிது. அதனைத் தடுக்கப் பயிற்றுவோர் சிலர், பயில்வோன் தலை திரும்பும் திசையில் நின்று கைவிரல்களை உயர்த்திக் காட்டுவர். எத்தனை விரல் என உடனே வினவுவர். கழுத்தை மட்டும் திருப்பியவன் விடை கூற மாட்டான்.