ஹண்டா வைரஸ்: அம்பத்தூர்க்காரர் எதற்குப் பயப்பட வேண்டும்?

உலகின் ஏதோ ஒரு மூலையில், எலி வழியாகப் பரவும் ஹண்டா வைரஸுக்கு ஒருவர் பலி என்று செய்தி வந்தால் போதும். சாயங்காலத்துக்குள் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் எலிப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். 2020 மார்ச்சில் சீனாவின் யுனான் மாகாணத்துத் தொழிலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே இறந்தார். பரிசோதனையில் ஹண்டா என்று தெரிந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய வாரம் அது. ‘அடுத்தது வந்துவிட்டது’ என்று பலர் நடுங்கினார்கள். அதிலிருந்து எந்தக் கொள்ளைநோயும் கிளம்பவில்லை. 2025-ல் ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேனின் மனைவி இதே வைரஸால் இறந்தபோது மறுபடியும் அதே பரபரப்பு.

வேலூரில் கிடைத்த வைரஸ்

இது நமக்கு முற்றிலும் அந்நியமான கிருமியும் அல்ல. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் போனால் வேலூர். அங்கே தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூற்றிலிருந்து 1964-ல் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஊர்ப் பெயரே அதற்கும் வந்தது: தோட்டப்பாளையம் வைரஸ். இந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்த கொரியாவின் ஹண்டான் வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1970-களில்தான். நம்முடையது ஹண்டா குடும்பம் என்பதே பிறகுதான் புரிந்தது. பிள்ளையார் வாகனத்தின் மேல் பழி வேண்டாம்; தோட்டப்பாளையம் வைரஸ் மனிதருக்கு நோய் தந்ததாக உறுதியான சான்று இல்லை.

பின்னாளில் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் தென்னிந்தியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எலி பிடிக்கும் பழங்குடியினர், கிடங்குத் தொழிலாளர்கள் சிலரிடம் ஹண்டா தொற்று வந்துபோன தடயம் தெரிந்தது. ஆவடியிலும் உணவு தானியக் கிடங்கு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி குடோன்களுக்குக் குறைவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் அங்கே மூட்டை தூக்குபவர்களும் துப்புரவு செய்பவர்களும்தான்.

இரண்டு வேறு கணக்குகள்

நுரையீரலைத் தாக்கும் அமெரிக்க வகை ஹண்டா வந்தவர்களில் நூற்றுக்கு 38 பேர் வரை இறக்கிறார்கள். தலைப்புச் செய்தியில் இந்த எண்தான் வரும். அது வந்தவர்களுக்கான கணக்கு. நமக்கு வருமா என்பது வேறு கணக்கு. முப்பது கோடிக்கு மேல் மக்கள் வாழும் அமெரிக்காவில் 1993 முதல் 2022 முடிய பாதிக்கப்பட்டதாகப் பதிவானவர்கள் மொத்தம் 864 பேர். அந்த வகையைச் சுமக்கும் காட்டெலிகள் நம் ஊரில் கிடையாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதாக நிரூபணமானது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வகை மட்டுமே. சாக்கடை எலி வழியாக உலகெங்கும் உலவும் சியோல் வகையில் இறப்பு ஒரு சதவீதம் அளவுதான்.

நம் தெருவில் இருப்பவை

கொரட்டூர் ஏரி வழிந்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே மிதந்தது. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில், காலில் சிறு கீறலோடு நின்றாலே லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரலாம். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேருக்கு இது வந்து, கிட்டத்தட்ட 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. இதற்காக யாரும் வாட்ஸ்அப்பில் அலறுவதில்லை.

இன்னொன்று ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். புதரிலும் எலி உடம்பிலும் ஒட்டி வாழும் மிக நுண்ணிய பூச்சி கடிப்பதால் வருவது. ஆவடி, திருவேற்காடு பக்கம் புதர் மண்டிய காலி மனைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு தெரியும். அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. இரண்டுமே பாக்டீரியா நோய்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரைக்கே அடங்கும், சீக்கிரம் கண்டுபிடித்தால். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் ஈரலும் கெடும். ஹண்டாவுக்கோ தனி மருந்தே இல்லை.

எலியைவிட எலி மருந்து

2024 நவம்பரில் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் அதன் நெடி தாக்கி இறந்தார்கள். எலி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டால் என்ன மருந்து, எத்தனை நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். என் வோட்டு எலிப்பொறிக்குத்தான்.

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது எலிப்புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஹண்டா பெரும்பாலும் பரவுவது உலர்ந்த எச்சத்தின் தூசு வழியாகத்தான். ஜன்னலைத் திறந்து அரை மணி விட்டு, ப்ளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சாப்பாட்டுக் குப்பையை ராத்திரி வாசலில் வைக்காமல், காலையில் வண்டி வரும்போது கொடுங்கள்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் சேர்ந்தால், மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தேன், புதரில் வேலை செய்தேன், குடோனில் எலி இருக்கிறது என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.