சொல்லளவையும் சொற்போலியும்

அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரில் அளவையியல் 14 செய்யுட்களால் ஆயது. பிறர் பத்தென எண்ணும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிய ஆசிரியர், அவ்வியலின் முடிவிற் பக்கப்போலி 4, ஏதுப்போலியின் விகற்பம் 21, எடுத்துக்காட்டுப்போலி 18, தோல்வித்தானம் 22, ஆகப் போலிகள் 65 என வரையறுத்தார். முப்பொருளியல்பு உணர்த்தப் புகுந்த நூல் வாதத்தின் குற்றங்களை இத்துணை எண்ணிக் கூறுவது என்னை எனின், அதற்கு விடை அந்நூல் கூறும் வாக்கின் இலக்கணத்திலேயே உளது.

சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கு. மயில்முட்டையின் நீரிற் பல நிறமும் வேறுபடாது அடங்கிக் கிடத்தல்போல எழுத்துக்கள் ஒடுங்கி நிற்பது பைசந்தி. உள்ளே முறைப்பட்டும் பிறர் செவிக்கு எட்டாதது மத்திமை. செவிக்குப் புலனாவது வைகரி. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என வேறுபடுத்துத் துணியும் சவிகற்பவுணர்வு இவ்வாக்கின் துணையின்றி நிகழாது. ஆகவே மெய்ச்சொற் பிறப்பிக்கும் உணர்வும் பொய்ச்சொற் பிறப்பிக்கும் உணர்வும் கேட்போன் உள்ளத்தில் ஒரே தெளிவொடு நிகழும். கயிற்றைப் பாம்பெனக் கண்டவன் அணுகிச் சென்று தெளிவான். சொல்லால் திரிபுற்றவனுக்கோ அணுகிக் காணப் பொருள் கண்முன் இல்லை. துணிவு மிகுதியை அவன் உண்மையின் அடையாளமாகக் கொண்டுவிடுகிறான்.

சொல்லை வைத்தே சொல்லைக் கெடுக்கும் வகையைக் கௌதமர் நியாய சூத்திரத்திற் சலம் எனப் பெயரிட்டு மூன்றாக்கினார். அதற்கு உரைகண்ட வாற்சாயனர் காட்டும் உதாரணம் பெரிதும் எளியது. புதிய கம்பளம் போர்த்த ஒருவனை 'நவகம்பளம் உடையான்' என்றால், எதிரி 'ஒன்பது கம்பளம் எங்கே? இருப்பது ஒன்றன்றோ?' என்பான். இது வாக்குச்சலம். காவற்பரண்மேல் இருப்பார் கூவுதலைப் 'பரண்கள் கூவின' என்றால், மரம் கூவுமோ என மறுப்பது உபசாரச்சலம். பொதுச்சொல்லை அளவிறந்து நீட்டி மறுப்பது சாமானியச்சலம். இவற்றுள் எதிரி கூறிய சொற்களில் ஒன்றேனும் இல்லாததன்று. மாறியது கருத்து மாத்திரமே. அதனாலேயே அவையோர் மயங்குவர்.

இன்னும் ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. மும்முறை கூறியும் அவைக்கும் எதிரிக்கும் பொருள் விளங்காத சொல், கேட்டவர்க்கன்றிச் சொன்னவர்க்கே தோல்வித்தானமாம் என்பது கௌதமர் துணிபு. தன் வலியின்மையை மறைத்தற்கே ஒருவன் இருபொருட்சொல்லும் வழக்கிறந்த சொல்லும் விரைந்த உச்சாரணமும் கொள்வான் என்பர் உரைகாரர். அருஞ்சொல் அடுக்கிக் கேட்போரை வியப்பித்தலையே புலமையெனக் கருதும் பிரசங்கிகள் இவ்விதியை ஓதியறிந்தவராகத் தோன்றவில்லை!

அற்றேல், இவ்வளவு திரிபுக்கு இடனாகிய சொல்லை அளவை என்றது எங்ஙனம் பொருந்தும்? வாக்குச் சுத்தமாயையின் காரியமாகிய சடம். விளக்குப்போலப் பொருளைக் காட்டுவதன்றித் தானே அறிவதன்று. உரைக்கு வலி உரைத்தவனால் வருவது. மலப்பிணிப்புடைய உயிர் விருப்பு வெறுப்புக்களால் தானும் மயங்கிப் பிறரையும் மயக்கும். இயல்பாகவே பாசங்களின் நீங்கிய சிவனுக்கு அறியாமையும் இல்லை, பிறரை வஞ்சித்துப் பெறும் பயனும் இல்லை. ஆகலின் அவன் அருளிய ஆகமம் உரையளவையாயிற்று. ஆயினும் அவ்வாகமத்துக்குப் பொருள் கூறுவான் வைகரி பசுவினுடையதே. கம்பளத்துக்கு நேர்ந்தது ஆகமச்சொல்லுக்கும் அவன் வாயில் நேரலாம்; அந்நிலையிற் கேட்போன் தான் பெற்றது சிவன் வாக்கென்றே துணிவான். அதுபற்றியே அந்த 65 போலிகளும் சித்தியாரில் இடம்பெற்றன.