கிண்ணம் ஏந்தும் லைக்கன்

மசாலையில் இடும் கல்பாசியை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். அது பாசியன்று; லைக்கன் என்னும் உயிர்வகை. அவ்வகையில் கிண்ணம் ஏந்தி நிற்பனவும் உண்டு. கிளடோனியா என்னும் இனத்தைச் சேர்ந்த இவற்றைப் பிரிட்டன் முதலிய குளிர்நாடுகளில் எளிதிற் காணலாம்.

தரையோடு ஒட்டிய சாம்பற்பச்சைச் செதில்களினின்று ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் தண்டுகள் எழும். தண்டின் தலை குழிந்து கிண்ணமாகும். இதுவரை எளிது. உடன்பிறப்புகள் பலவாதலின், எது எதுவென்று பிரித்தறிவதே கடினம். அடியிலிருந்தே படிப்படியாக அகன்று, உட்புறம் பருக்கைகளாற் சொரசொரப்பாயிருப்பின் அது பிக்சிடேட்டா. மெல்லிய தண்டின்மேல் சட்டென விரிந்து, மெல்லிய மாவு பூசியதுபோலிருப்பின் ஃபிம்பிரியேட்டா. ரவைபோன்ற பொடி படிந்தது குளோரோஃபேயா. இதில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்போரும் தடுமாறுவர். இம்மூன்றிலும் விளிம்பில் தோன்றும் குமிழ்கள் பழுப்பு நிறத்தன. செந்நிறமாயிருப்பின் அது வேறு வகை.

மழைத்துளி கிண்ணத்தில் விழுந்து தெறிக்கையில் அப்பொடியும் உடன் தெறித்துப் பரவும். அதுவே அதன் விதைப்பு.

மக்கும் அடிமரம், பாசி படர்ந்த பழஞ்சுவர், மணற்பாங்கான கரம்பு, பாதையோர மண்சரிவு ஆகியவை இதன் இருப்பிடங்கள். உரமிட்டுப் புல் செழித்த நிலத்தில் இதைத் தேடுவது வீண். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வது புல்லோடு எங்ஙனம் போட்டியிடும்? மண்ணைக் கலைத்தாலும் அழிந்துபோகும்.

லைக்கன் தனியுயிரன்று, காளானும் பாசியும் சேர்ந்த வாழ்வு என்று 1867-இல் சுவிட்சர்லாந்தின் தாவரவியலார் சைமன் ஷ்வெண்டனர் அறிவித்தார். பாசி வெயிலில் உணவு சமைக்கும். காளான் உறைவிடமும் ஈரமும் தரும். இதைக் கூட்டுறவு என்று சொந்தங்கொண்டாட நமக்கு ஆசைதான். அவரோ காளானை எஜமான் என்றும், பாசியை அடிமைகள் என்றும் உவமித்தார். சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து பழகியவனுக்கு அவ்வுவமை அத்துணை அந்நியமாகப் படவில்லை.

உணவு இவ்வாறு உள்ளேயே கிடைப்பதால், மரத்திற் படரும் லைக்கன்களும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. நீலகிரி, பழனி மலைகளிலும் கிளடோனியா வகைகள் உண்டு. மரப்பட்டைகளில் வேறு லைக்கன்களும் மிகுதி. அவற்றை நோயென்று அஞ்சி மருந்து தெளிக்க முற்படும் தோட்டக்காரர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். தளர்ந்த மரத்தில் இலை குறைந்து வெளிச்சம் புகுவதால் லைக்கன் மிகுந்து தோன்றும். தளர்ச்சிக்கு அது காரணமன்று. முதலில் வேரையும், மண்ணையும், வடிகாலையும் பார்ப்பது நலம்.